மீன் கடித்தால் கணக்கு யார் பேரில்?

கடையில் சரக்குக் குறைந்தால் அது யார் பேரில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறோம். கல்லாவில் பணம் குறைந்தாலும் அப்படியே. ஓர் உயிர் குறைந்தால் அதை யார் பேரில் எழுதுவது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இதைப் பெரிய விஷயங்களைக் கொண்டு ஆராய நான் ஆலிமல்ல; மத்ரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் என் படிப்பு முடிந்தது. ஆதலால் சிறிய விஷயமொன்றை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு மீன் தொட்டி.

இப்பொழுது பினாங்கில் அநேக வீடுகளிலும் சில கடைகளின் முகப்பிலும் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் மீன் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். உப்புத் தண்ணீர்த் தொட்டியோ செலவும் கவனமும் அதிகமாகக் கேட்பது. 2003-ல் நிமோ என்ற மீன்குஞ்சின் கதை சினிமாவாக வந்ததிலிருந்து, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் பிள்ளைகளுக்கெல்லாம் செல்லமாகிவிட்டது. பிள்ளை கேட்கிறது, தகப்பன் வாங்குகிறார், தொட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஜெலுத்தோங்கில் வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் இப்படித்தான் நூறு லிட்டர் தொட்டியொன்று வாங்கினார். மீன் விற்றவர், “புதுத் தண்ணீர் பக்குவப்பட வேண்டும். முதலில் விலை மலிவான மீனாக மூன்றை விட்டுப் பாருங்கள். அவை பிழைத்தால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தம்” என்று சொல்லி, சிறிய நீல மீன்கள் மூன்றைக் கொடுத்தார். டாம்செல் என்று அவற்றுக்குப் பெயர். இரண்டு செத்தன. ஒன்று பிழைத்தது. ஆறு வாரம் கழித்துச் சகோதரர் ஒரு ஜோடி கோமாளி மீனும், அவை குடியிருப்பதற்காகக் கடற்சாமந்தி ஒன்றும் வாங்கி வந்து தொட்டியில் விட்டார். பிழைத்திருந்த நீல மீன் அன்று மாலையே துரத்தத் தொடங்கிற்று. நாலாம் நாள் காலையில் கோமாளி மீனில் ஒன்று வால் கிழிந்து மூலையில் செத்துக் கிடந்தது.

இஷாத் தொழுகைக்குப் பின் நாலு பேர் கூடியிருந்த இடத்தில் அவர் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். “பாருங்கள் நானா, ஐந்து வெள்ளி மீன் ஐம்பது வெள்ளி மீனைக் கொன்றுவிட்டது. அது மீனில்லை, ஷைத்தான்!” என்றார். ஒருவர், “அதன் குணம் அப்படி; ஆண்டவன் படைத்தபடி அது நடக்கிறது” என்றார். மற்றொருவர், “விற்றவன் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். வயதில் மூத்த ஒருவர் மாத்திரம், “தம்பி, அந்த மீன் உங்கள் வீட்டுக்குத் தானாக நடந்து வந்ததா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். அந்தக் கேள்வி என் மனதை விட்டு அகலவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கிறேன்.

மீனும் கடற்சாமந்தியும்

முதலில் இந்த உயிர்கள் எப்படிப்பட்டவை என்று அறிந்துகொள்வோம். கடற்சாமந்தி என்பது பெயரளவில்தான் பூ. உண்மையில் அது ஒரு பிராணி. அனிமோன் என்றும் சொல்வார்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக நீட்டியிருக்கும். ஒவ்வொரு விரலிலும் கண்ணுக்குத் தெரியாத நச்சு முட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வேறு சிறு மீன் அதில் பட்டால் மரத்துப்போய் அதற்கு இரையாகிவிடும். கோமாளி மீனோ அதற்குள் புகுந்து படுத்து உறங்குகிறது. மீனின் உடல்மேல் உள்ள கோழை போன்ற வழுவழுப்பு அதைக் காக்கிறது. சில வகை மீன்கள் முதலில் மெள்ளத் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொண்ட பிறகே உள்ளே போகின்றன.

1868-ல் காலிங்வுட் என்ற ஆங்கில இயற்கையாராய்ச்சியாளர், சீனக் கடல் பகுதியில் பெரிய கடற்சாமந்திக்குள் மீன் வாழ்வதைப் பார்த்து எழுதினார். அதன் பிறகு விவரம் மேலும் மேலும் தெரியவந்தது. கோமாளி மீனில் சுமார் 30 வகை உண்டு. கடற்சாமந்தியில் ஆயிரம் வகைக்கு மேல் இருந்தும், இந்த மீனுக்கு இடம் கொடுப்பவை ஏறக்குறைய 10 வகையே. மீனுக்குக் கிடைப்பது பாதுகாப்பு. கடற்சாமந்திக்குக் கிடைப்பதும் சொற்பமன்று. அதைக் கடித்துத் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கோமாளி மீன் விரட்டுகிறது. மீனின் கழிவு, கடற்சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு உரமாகிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கடற்சாமந்திக்கும் பங்கு கொடுக்கிறது. இரவில் மீன் புரண்டு அசைவதால் புதுத் தண்ணீர் உள்ளே போய்வருகிறது.

வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாத ஏற்பாடல்ல. ஒருவர் இடம் போடுகிறார், மற்றவர் உழைப்புப் போடுகிறார், லாபம் இருவருக்கும். கூட்டு வியாபாரம் என்றால் இதுதானே?

ஆயினும் கோமாளி மீனைப் பரம சாது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கடற்சாமந்தியில் குடியிருக்கும் மீன்களுக்குள்ளேயே கண்டிப்பான வரிசை உண்டு. எல்லாவற்றிலும் பெரியது பெண். அதற்கடுத்தது அதன் ஜோடியான ஆண். அதன்கீழ் ஒன்றைவிட ஒன்று சின்னதாகச் சில மீன்கள் காத்திருக்கும். பெண் இறந்துவிட்டால் ஆண் மீன் தானே பெண்ணாக மாறிவிடும். காத்திருந்தவற்றில் மூத்தது ஆணின் இடத்துக்கு வரும். படைத்தவனின் வல்லமைக்கு அளவேது! பாப்புவா நியூகினியில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது. கீழே உள்ள மீன், தனக்கு மேலே உள்ள மீனின் அளவை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது என்று அதில் கண்டார்கள். அளவு மீறினால் மேலுள்ளது அதைக் கடித்து வெளியே துரத்திவிடும். துரத்தப்பட்டது வேறு வீடு கிடைக்காமல் பெரும்பாலும் அழிந்துபோகும். சின்னத் தம்பியாகக் கடையில் சேர்ந்து, கல்லாவில் உட்காரும் நாளுக்காகப் பொறுமையாய் இருந்தவர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். கோமாளி மீனும் அந்த நீல டாம்செல் மீனும் ஒரே குடும்பம். அறிஞர்கள் இரண்டையும் ஒரே வகுப்பில்தான் வைத்திருக்கிறார்கள். கடித்ததும் கடிபட்டதும் பங்காளிகள்.

நீல மீனின் தரப்பு

இனி ஷைத்தான் என்று பட்டம் வாங்கிய மீனின் தரப்பைக் கேட்போம். எந்தக் காஜியும் ஒருபக்கம் மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை.

கடலில் அந்த மீனுக்கு ஒரு சிறு பாறையோ பவளக் கொத்தோ சொந்தம். அதன் குடும்பத்தில் சில வகைகள் தங்கள் இடத்தில் பாசித் தோட்டமே போட்டு, வேண்டாத பாசியைப் பிடுங்கி எறிந்து பயிர்க் காவல் காக்கின்றன. எல்லைக்குள் யார் வந்தாலும், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனாயிருந்தாலும், பாய்ந்து விரட்டும். விரட்டப்பட்டது நாலு முழம் தள்ளிப் போய்விடும். அத்துடன் காரியம் முடிந்தது. காவல்காரன் பின்னாலேயே போவதில்லை. தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. கடலில் இந்தச் சண்டைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினவனுக்கு அபயம் உண்டு.

தொட்டியில் என்ன நடக்கிறது? நீளம் மூன்றடி. நீல மீன் முதலில் வந்து ஆறு வாரம் தனியாய் இருந்தபடியால் மூன்றடியும் அதன் பாறை. புதிதாய் வந்த மீன் எந்த மூலைக்குப் போனாலும் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அது ஓடுகிறது, கண்ணாடியில் முட்டுகிறது, திரும்புகிறது. காவல்காரன் கண்ணுக்கு, அந்நியன் மறுபடியும் மறுபடியும் துணிந்து உள்ளே வருவது போலத் தோன்றும். ஆகவே அதுவும் மறுபடியும் மறுபடியும் கடிக்கிறது. நாலு முழத்தில் முடிய வேண்டிய விரட்டல் நாலு நாள் நீண்டு கொலையில் முடிந்தது. கடிக்கும் குணத்தை மீன் கடலிலிருந்து கொண்டுவந்தது. ஓடித் தப்ப இடமில்லாத நிலைமையை உண்டாக்கியவர் நம் சகோதரர்.

நிற்க. அந்த ஆறு வாரத்தில் நீல மீன் என்ன பட்டது என்று யாராவது கேட்டோமா? புதுத் தொட்டியில் மீனின் கழிவு அம்மோனியா என்னும் நஞ்சாகத் தேங்கும். அதைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு ஒரு மாதமோ, அதற்கு மேலுமோ பிடிக்கும். அதுவரை அந்தத் தண்ணீரில் இருக்கும் மீனுக்குச் செவுள் எரியும், மூச்சு முட்டும். விலை மலிந்த மீனை அதில் விட்டுத் தண்ணீரைப் பக்குவப்படுத்துவது முன்பு பரவலான பழக்கமாயிருந்தது. இன்று அதற்கு அவசியமே இல்லை. கொஞ்சம் அம்மோனியா மருந்தையோ மீன் தீனியையோ தண்ணீரில் இட்டு, உயிர் எதையும் விடாமல் காத்திருந்து, பரிசோதனைக் குப்பியால் அளந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது பொறுமை ஒன்றே.

அன்றிரவு நாங்கள் ஐம்பது வெள்ளி மீனின் மரணத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். அதற்கு முன்னே நஞ்சில் செத்த இரண்டு ஐந்து வெள்ளி மீன்களைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. மூன்றாவது மீனை அந்த நஞ்சில் நாம் வைத்தோம். அது சாகாமல் பிழைத்தது. பிழைத்து நின்ற இடத்தைக் காத்தது. அதற்காக அதை ஷைத்தான் என்றோம்.

மார்க்கம் யாரை விசாரிக்கிறது?

மிருகத்துக்கும் மீனுக்கும் ஹலால் ஹராம் இல்லை. அவை ஏவல் விலக்கலுக்கு உட்பட்டவை அல்ல. ஆதலால் நீல மீன் பேரில் பாவம் எழுத இடமே இல்லை. அப்படியானால் கணக்குப் புத்தகத்தில் அந்த வரி வெற்றிடமாக நிற்குமா?

நபி தாவூது (அலை), நபி சுலைமான் (அலை) ஆகியோரிடம் வந்த வழக்கொன்றைத் திருக்குர்ஆனில் அன்பியா அத்தியாயம் குறிப்பிடுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் பயிரில் புகுந்து மேய்ந்துவிட்டன. தஃப்ஸீர் ஆசிரியர்கள் விவரம் சொல்கிறார்கள்: ஆடுகளையே பயிர்க்காரருக்குக் கொடுத்துவிடுவது என்பது தகப்பனாரின் தீர்ப்பு. ஆட்டுக்காரர் அந்த நிலத்தைத் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், அதுவரை பயிர்க்காரர் ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் அனுபவிக்கட்டும், பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு என்பது மகனாரின் தீர்ப்பு. மகனாருக்கு அந்த விளக்கத்தைத் தானே அளித்ததாக இறைவன் கூறுகிறான். இரண்டு தீர்ப்பிலும் ஆட்டை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்டுக்காரரிடம்தான் கேள்வி போயிற்று.

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களிலும் இந்த முறையைக் காணலாம். பகலில் பயிரைக் காப்பது பயிர்க்காரர் பொறுப்பு. இரவில் கால்நடையைக் கட்டிவைப்பது கால்நடைக்காரர் பொறுப்பு. கட்டாமல் விட்டு அது மேய்ந்தால் நஷ்டம் அவர் தலையில். ஹனஃபி மத்ஹபில் விவரம் வேறுபடும்; ஆலிம்களிடம் கேட்டறியலாம். எப்படியாயினும், கயிறு யார் கையில் இருந்ததோ அவரைத்தான் சட்டம் தேடுகிறது. தொட்டியில் கயிறு, தண்ணீர், தீனி, விளக்கு, யார் உள்ளே வருவது, யார் வெளியே போவது என்ற எல்லாமே வளர்ப்பவர் கையில். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்துள்ள ஹதீதை நாம் ஜும்ஆதோறும் கேட்கிறோம். மூன்றடித் தொட்டியும் ஒரு மந்தைதான்.

“கடலிலும் இப்படித்தானே?”

இதற்கு ஒரு சகோதரர் மறுப்புச் சொன்னார். “கடலில் பெரியது சிறியதைத் தின்கிறது. அதையெல்லாம் பார்த்து நாம் அழுவதில்லையே! தொட்டியில் நடந்தால் மாத்திரம் ஏன் இவ்வளவு விசாரணை?” என்றார். நியாயமான கேள்வி; விடை சொல்லித்தான் ஆக வேண்டும். கடலில் தின்பதற்கும் தப்புவதற்கும் வழி வைத்தவன் ரப்புல் ஆலமீன். சிங்க மீனுக்குப் பசியைக் கொடுத்தவன் சின்ன மீனுக்குப் பவள இடுக்கையும் கொடுத்தான். நம் பினாங்குக்கு வடக்கே பூலாவ் பாயாரிலும், தமிழ்நாட்டில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவிலும், வேட்டையாடும் மீனும் வேட்டையாகும் மீனும் காலங்காலமாக ஒரே பவளப் பாறையில் வாழ்ந்து வருகின்றன. ஒன்று மற்றொன்றைப் பூண்டோடு அழிக்கவில்லை. நாம் சிங்க மீனையும் சின்ன மீனையும் எடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டியில் போடும்போது, பசியை மாத்திரம் கொண்டுவருகிறோம். இடுக்கைக் கடலிலேயே விட்டுவிடுகிறோம். அதன் பிறகு நடப்பதைக் கடலின் பேரில் எழுதுவது சரியான கணக்காகாது.

“அப்படியானால் தொட்டி வைப்பதே கூடாதென்கிறீர்களா?” என்று இன்னொருவர் கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. அபூ உமைர் என்ற சிறு பிள்ளை வளர்த்த சிட்டுக்குருவி இறந்துபோனபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குருவி என்னவாயிற்றென்று பரிவோடு விசாரித்த செய்தி ஹதீதுகளில் உண்டு. பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் அதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதே ஹதீது நூல்களில், ஒரு பூனையை அடைத்துவைத்து, தீனியும் போடாமல், வெளியே போய் இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதையும் படிக்கிறோம். அடைப்பது மாத்திரம் அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அடைத்துவிட்டு, அந்த உயிருக்குக் கதவுக்கு வெளியே இருந்த வழிகளைத் தான் ஈடு செய்யாமல் விட்டதே குற்றம். கதவைச் சாத்துகிறவர், அந்தக் கதவுக்கு வெளியே அந்த உயிருக்கு எவையெல்லாம் இருந்தனவோ அவற்றுக்குப் பொறுப்பேற்கிறார். வெளியே இரை இருந்தால் இரைக்கு; வெளியே அபயம் இருந்தால் அபயத்துக்கும்.

அந்தப் பொறுப்பை ஏற்றவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் டாலியல் என்பவர் 1828-ல் கடற்கரையிலிருந்து சிறு கடற்சாமந்தி ஒன்றை எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வைத்து வளர்த்தார். 1851-ல் அவர் காலமானார். அவருக்குப் பின் அறிஞர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அதை ஒப்படைத்து, கடல் தண்ணீர் மாற்றித் தீனி கொடுத்துவந்தார்கள். பாட்டி என்று அதற்குச் செல்லப்பெயரும் ஆயிற்று. அது 1887 வரை உயிரோடிருந்தது. எடுத்தவர் போய்ச் சேர்ந்து 36 ஆண்டுகள் கழித்தும் அவர் ஏற்ற பொறுப்பை மற்றவர்கள் சுமந்தார்கள். அமானிதம் என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்காது, காரியம் தெரிந்திருந்தது.

விற்பவர் கடமை, வாங்குபவர் கடமை

மதீனாக் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். சரக்கின் குறையைச் சொல்லி விற்பது நம் வியாபாரத்தின் ஆணிவேர். மீன் கடைக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும்? கடிக்கும் மீனைக் கடிக்கும் மீன் என்று சொல்லி விற்க வேண்டும். “எல்லாம் ஒத்துப்போகும் பாய்” என்று சொல்லிப் பையைக் கட்டுவது, ஈரத் தானியத்தின்மேல் காய்ந்ததைப் பரப்புவது போன்றதே. டாம்செல் வகைகள் பல, பெரிய கிளாத்திகள், கோமாளியிலேயே முரட்டு வகையான கருஞ்சிவப்புக் கோமாளி இவற்றைச் சின்னத் தொட்டிக்குக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால், அந்த லாபத்தில் பரக்கத் எப்படி இருக்கும்?

கடற்சாமந்தி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதற்குப் பலமான வெளிச்சமும், பல மாதங்கள் ஓடிப் பக்குவப்பட்ட தண்ணீரும் தேவை. இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய் மோட்டாரில் சிக்கிக் கிழியும். செத்தால் அழுகித் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கும். கடலில் பல பத்தாண்டு வாழக்கூடியது, அறியாதவர் கையில் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. தொட்டியில் கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி இல்லாமலே வாழ முடியும். விரட்டும் எதிரி இல்லாதவிடத்தில் அரண் எதற்கு? அரண் வேண்டியிருப்பது நாம் எதிரியையும் சேர்த்து வாங்குவதால்தான்.

வாங்குபவர் கடமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு மீனின் குணத்தையும், அது முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும் என்பதையும் கேட்டறிய வேண்டும். சாதுவானதை முதலிலும், முரடு உள்ளதைக் கடைசியிலும் விட வேண்டும். முதலில் வந்தவன் நிலச்சுவான்தாராகிவிடுகிறான். கற்களை இடுக்கும் மறைவுமாக அடுக்கி, ஒன்றையொன்று பாராமல் இருக்க இடம் கொடுக்க வேண்டும். புது மீனை விடும்போது கற்களை மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் கலைந்து எல்லோரும் புதுக்குடியாவார்கள். அப்படியும் துரத்தல் நிற்காவிட்டால் துளையிட்ட பலகையால் தடுத்து, பிறகு ஒன்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நம் சகோதரரும் இப்படித்தான் செய்தார். மிஞ்சிய கோமாளியைத் தடுப்புக்குப் பின்னால் வைத்துத் தேற்றி, நீல மீனைப் பெரிய தொட்டி உள்ள ஒருவரிடம் ஒப்படைத்தார். அங்கே அது யாரையும் கொல்லவில்லை. மீன் மாறவில்லை, இடம் மாறிற்று.

கூடுமானவரை தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குவதும் நல்லது. நம்மவர்க்குப் பழக்கமான ஊர்களிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. மண்டபத்திலுள்ள இந்திய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும், மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கடலிலிருந்து ஒரு பெண் மீனைப் பிடித்தால் அங்கே ஒரு குடும்பத்தின் வரிசையே கலைகிறது என்பதை மேலே பார்த்தோம்.

இன்னொன்று. சண்டைக்கார மீனைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டால் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். பவளமில்லாத சேற்றுக் கரையில் விட்டால் அது சாகும். அது பிழைத்தால் மற்றவை சாகலாம். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாக் கரையில் காணப்பட்டது. தொட்டி மீன் வியாபாரத்தின் வழியாகவே அது அங்கே போய்ச் சேர்ந்ததென்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி, அந்த ஊர்ச் சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஏற்ற பொறுப்பைக் கடலில் கொட்டிவிட்டுக் கைகழுவ முடியாது.

நம் மாடியறைகள்

இதுவரை மீனைப் பற்றிச் சொன்னேன். சங்கத்து வெளியீட்டில் இத்தனை பக்கம் மீனுக்குக் கொடுப்பானேன் என்று கேட்பவர்கள், தங்கள் கடைக்கு மேலே உள்ள அறையை ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

நம்மில் அநேகர் கடையிலும் உணவகத்திலும் ஆட்களை வைத்து நடத்துகிறோம். ஊரை விட்டு, மனைவி மக்களை விட்டு வந்தவர்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு பாஷை, வேறு வேறு வயது. ஏழெட்டுப் பேரை ஓர் அறையில் விடுகிறோம். விடிகாலை வேலைக்குப் போகிறவனும் நடுநிசிக்கு வேலை முடிந்து வருகிறவனும் ஒரே பாயில் மாறி மாறிப் படுக்கிறார்கள். ஒரு நாள் கைகலப்பு வருகிறது. உடனே முதலாளி, “இவன் சண்டைக்காரன், இவனை அனுப்பிவிடு” என்கிறார். அடுத்து வருபவனும் ஆறு மாதத்தில் சண்டைக்காரனாகிறான். அவனையும் அனுப்புகிறார். அறை மாத்திரம் அப்படியே இருக்கிறது.

மனிதனையும் மீனையும் ஒன்றாக்கிப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு உண்டு. மனிதனுக்கு அறிவும் பொறுப்பும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இடநெருக்கத்தைக் காரணம் காட்டி அவன் அடித்த அடிக்கு மன்னிப்புப் பெற முடியாது. அடித்தவன் கணக்கு அடித்தவனுக்கு உண்டு. அதனால் அறையைக் கொடுத்தவர் கணக்கு அழிந்துபோகிறதா? இரண்டும் தனித்தனிப் பேரேடு. மீன் விஷயத்தில் ஒரே ஒருவர் பேரில் எழுதுகிறோம். மனிதர் விஷயத்தில் இருவர் பேரிலும் எழுத வேண்டியிருக்கிறது. நாமோ எப்போதும் சம்பளம் வாங்குகிறவன் பேரில் மாத்திரம் எழுதிப் பேரேட்டை மூடிவிடுகிறோம்.

மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்தபட்ச வசதிகளைப் பற்றி 1990-ல் ஒரு சட்டம் வந்தது. 2019-ல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் பல துறைகளுக்கும் விரிவாக அமலுக்கு வந்தது. படுக்கும் இடத்தில் ஆளுக்கு இவ்வளவு பரப்பு, தனித்தனிக் கட்டில், பூட்டி வைத்துக்கொள்ள அலமாரி என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. அபராதத்துக்குப் பயந்து செய்பவர் சட்டத்தை நிறைவேற்றுகிறார், நல்லது. ஆயினும் சட்டம் அளப்பது சதுர மீட்டரை. துரத்தப்படுபவன் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடுக்கு இருக்கிறதா, புதிதாய் வந்த சின்னப் பையன் பழைய ஆளின் வாய்க்குப் பயந்து யாரிடம் போய்ச் சொல்வான், முதலாளியிடம் நேரே வந்து பேச அவனுக்குத் தைரியம் உண்டா என்பதையெல்லாம் அளக்கும் முழக்கோல் எந்த இலாகாவிடமும் இல்லை. அது நம் கல்பில் இருந்தால்தான் உண்டு. எவனுடைய தீங்கிலிருந்து அவனுடைய அண்டை அயலார் அச்சமற்று இருக்கவில்லையோ அவனுக்கு ஈமான் பூரணமாகாது என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். நாம் கொடுத்த அறையில் அச்சத்தோடு படுத்திருக்கும் ஒருவனுடைய அண்டை வீட்டான் யார்? கீழே கடையில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

ஆகவே சகோதரர்களே, கடித்தவன் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், கடிபட்டவன் எங்கே ஓடியிருக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கேட்போம். அந்த இடம் இருந்தும் ஓடாமல் நின்றான் என்றால் கணக்கு வேறு. அந்த இடத்தை நாமே அடைத்திருந்தால், பேரேட்டில் நம் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தீர்ப்பதற்கு இன்னும் அவகாசம் உள்ளவர்களாயிருக்கும்போதே தீர்த்துக்கொள்வது புத்திசாலியான வியாபாரிக்கு அழகு.

நம் கைக்குள் ஒப்படைக்கப்பட்ட உயிர்களின் ஹக்கை, அவை வாயுள்ளவையாயினும் வாயற்றவையாயினும், குறைவின்றி நிறைவேற்ற வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.